ஏரி வண்டலும் புழுதியின் வரலாறும்: சான் வான் மலை ஏரிகள் தரும் சான்றுகள்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் எழுந்த புழுதிப்புயல்களுக்கு வறட்சி காரணமா, மனிதரின் நிலப்பயன்பாடு காரணமா என்னும் வினா 1930-கள் முதல் விவாதிக்கப்பட்டு வருகிறது. எழுத்துச் சான்றுகள் அப்பகுதியில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. அதற்கு முற்பட்ட காலத்தை அறிய ஏரி வண்டல் துணைசெய்கிறது. கொலராடோ மாநிலத்தின் சான் வான் மலை ஏரிகளில் நிகழ்த்தப்பட்ட இரு ஆய்வுகளை ஒப்பிட்டு, வறட்சியும் மேய்ச்சலும் ஒன்றையொன்று விலக்கும் காரணங்கள் அல்ல என்பதையும், ஒற்றைக் காரணத்தை ஏற்பதால் விளைந்த கொள்கைப் பிழைகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஏரி வண்டல், புழுதிப்புயல், தொல்காலநிலை, கொலராடோ பீடபூமி, மேய்ச்சல், சூழலியல் வரலாறு.

முன்னுரை

1935 ஏப்ரல் 14 அன்று அமெரிக்காவின் தென் சமவெளிப் பகுதியைக் கரும்புழுதி சூழ்ந்தது. ‘கறுப்பு ஞாயிறு’ என அந்நாள் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு பெரும் சமவெளிக் குழு அரசுக்கு அளித்த அறிக்கை, புல்வெளியை உழுது பயிரிட்ட முறையே இப்பேரழிவுக்கு அடிப்படை என்று கூறியது. இக்கருத்தைக் கான்சாஸ் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மாலின் ஏற்கவில்லை. அவர் 1946-இல் வெளியிட்ட மூன்று கட்டுரைகளில், 1850 முதல் 1900 வரையிலான செய்தித்தாள்களைத் தொகுத்து, உழவு பரவுவதற்கு முன்பே கடும் புழுதிப்புயல்கள் வீசின என்று காட்டினார். 1979-இல் டொனால்ட் வொர்ஸ்டர், நிலத்தை முதலீட்டுப் பொருளாக மட்டும் கண்ட பொருளாதாரப் பண்பாட்டின் விளைவே புழுதிப்புயல் என்றார். 2005-இல் ஜெஃப் கன்ஃபர், மாவட்ட வாரியான புள்ளிவிவரங்களைக் கொண்டு, வறட்சிக்கே முதலிடம் அளித்தார்.

இவ்விவாதத்தில் ஈடுபட்ட அனைவருக்கும் ஒரு வரம்பு பொதுவானது. செய்தித்தாளும் நிலக்கணக்கும் குடியேற்றத்துடன் வந்தவை. குடியேற்றத்துக்கு முன்னர் அந்நிலம் எவ்வளவு புழுதியை எழுப்பியது என்பதை அவற்றால் கூற இயலாது. ஒப்பிடுவதற்கு முற்காலம் இல்லாத நிலையில், மனிதரின் பங்கை அளப்பதற்கும் வழியில்லை. இவ்விடைவெளியை நிரப்பும் சான்று, சமவெளிக்கு மேற்கே கொலராடோ பீடபூமியை ஒட்டிய மலை ஏரிகளில் கிடைத்தது. சமவெளியில் நிலத்தைக் குலைத்தது கலப்பை. பீடபூமியில் கால்நடையின் குளம்பு. வேறுபாடு இருப்பினும் வினா ஒன்றே.

ஏரி எவ்வாறு ஆவணமாகிறது

ஏரியின் அடியில் ஆண்டுதோறும் மண், பாசி, மகரந்தம், தாவரச் சிதைவு ஆகியவை படிகின்றன. கீழடுக்கு பழையது, மேலடுக்கு புதியது. குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுக்கப்படும் வண்டல் உருளையை மெல்லிய துண்டுகளாக்கி ஆராயும்போது, அடுக்குகளின் வரிசை காலவரிசையாக மாறுகிறது. அண்மைக்கால அடுக்குகளின் வயதைக் காரீயம்-210 தருகிறது. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 22 ஆண்டுகள். ஆகவே சுமார் 150 ஆண்டுகள் வரையே அது பயன்படும். அணுகுண்டுச் சோதனைகளால் பரவிய சீசியம்-137 உச்சம் பெறும் அடுக்கு 1963-ஐ ஒட்டியது எனக் கொள்ளப்படுகிறது. அதற்கும் பழைய அடுக்குகளுக்குக் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு பயன்படுகிறது.

வயதை அறிந்த பின் எழும் வினா, அடுக்கில் உள்ள மண் எங்கிருந்து வந்தது என்பதாகும். மழைநீர் அடித்துவந்த உள்ளூர் மண்ணும் காற்று சுமந்துவந்த தொலைதூரப் புழுதியும் ஒரே அடுக்கில் கலந்திருக்கும். இவற்றைப் பிரித்தறிய இரு வழிகள் உள்ளன. முதலாவது துகளின் அளவு: காற்று நெடுந்தொலைவு சுமப்பது நுண்துகள்களையே. இரண்டாவது வேதியியல் அடையாளம்: நியோடிமியம், ஸ்ட்ரான்சியம் ஆகியவற்றின் ஐசோடோப்பு விகிதங்கள் பாறைக்குப் பாறை வேறுபடும். சான் வான் மலைகள் பெரிதும் எரிமலைப் பாறைகளால் ஆனவை. அவற்றுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள பீடபூமியில் படிவுப் பாறைகள் மிகுதி. இளவேனிற்காலத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று பீடபூமியின் புழுதியை மலைப்பனியின் மீது கொட்டுகிறது. பனி உருகும்போது அது ஏரியை அடைகிறது. உள்ளூர்ப் பாறையும் வந்த புழுதியும் வேறுவேறு அடையாளம் கொண்டிருப்பதால், இம்மலை ஏரிகள் புழுதி ஆய்வுக்குப் பொருத்தமாக அமைந்தன. 1880-களில் மலைக்குள் பெருகிய சுரங்கத்தொழிலின் மண்ணைப் புழுதி எனப் பிழையாகக் கணக்கிடும் வாய்ப்பும் இதனால் குறைகிறது.

முதற்சான்று: ஐந்து மடங்கு உயர்வு

ஜேசன் நெஃப் தலைமையிலான குழு இம்மலைகளின் உயர்மலை ஏரிகளிலிருந்து 5,000 ஆண்டுக் காலத்து வண்டலை ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடியேற்றத்தைத் தொடர்ந்து, புழுதிப் படிவு அதற்கு முந்தைய நெடுங்காலச் சராசரியைவிட 500 சதவீதம் உயர்ந்தது என்பது அவர்தம் முதன்மை முடிவு. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துகளின் வரவும் ஐந்து மடங்குக்கு மேல் பெருகியது. கால்நடை மேய்ச்சலின் விரிவே காரணம் என அக்குழு கருதியது.

வரலாற்று நிகழ்வுகள் இக்கருத்துக்கு இசைவாக உள்ளன. 1869-இல் கண்டம் கடக்கும் இருப்புப்பாதை நிறைவுற்றது. சான் வான் மலையடிவாரத்து டுராங்கோவை 1881-இலும், மலைக்குள் உள்ள சில்வர்ட்டனை 1882-இலும் இருப்புப்பாதை எட்டியது. தொலைவிலுள்ள சந்தைக்குக் கால்நடைகளை அனுப்புவது எளிதாயிற்று. அரசுப் பொதுநிலத்தில் மேய்ச்சலுக்கு உரிமமோ கட்டணமோ எண்ணிக்கை வரம்போ இல்லாதிருந்ததால், முந்திச் சென்றவருக்கே புல் கிடைத்தது.

வறண்ட நிலத்தில் மேய்ச்சலின் விளைவு புல் குறைவதுடன் நிற்பதில்லை. பீடபூமியின் மண்பரப்பை நீலப்பசும்பாசிகளும் லைக்கன்களும் பாசங்களும் சேர்ந்து பிணைத்து ஒரு மேலோடாகக் காக்கின்றன. காற்றுக்கு அசையாத அம்மேலோடு குளம்பு பட்டால் நொறுங்கும். மீண்டும் முழுமையாக வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். எனவே கால்நடைகள் அகன்ற பின்னும் புழுதி உடனே அடங்குவதில்லை.

1934 ஜூன் 28 அன்று டெய்லர் மேய்ச்சல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதற்கட்டமாக 8 கோடி ஏக்கர் வரையிலான பொதுநிலத்தை மேய்ச்சல் வட்டங்களாகப் பகுத்து உரிமமும் கட்டணமும் விதிக்க அது வழிசெய்தது. ஏரி வண்டலில் புழுதி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உச்சம் கண்டு பின்னர்க் குறைகிறது. எனினும் குடியேற்றத்துக்கு முந்தைய அளவுக்கு இன்னும் திரும்பவில்லை.

இரண்டாம் சான்று: இடைக்கால வறட்சி

முதற்சான்றை மட்டும் கொண்டால் மாலினின் வாதம் வலுவிழந்ததாகத் தோன்றும். 2016-இல் கோடி ரௌட்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இப்படத்தைத் திருத்தியது. அவர்கள் தெற்குக் கொலராடோவின் ஃபிஷ் ஏரி வண்டலை எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையாலும் துகள் அளவாலும் தனித்தனியே ஆராய்ந்து, ஏறத்தாழ 3,000 ஆண்டுப் புழுதி வரலாற்றை மீட்டனர். பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளின் புழுதி இயல்புக்கு மிஞ்சியது என்பதை இவ்வாய்வும் உறுதிசெய்தது. ஆனால் இடைக்காலத்திலும் புழுதி மிகுந்திருந்தது என்பதை அது சேர்த்துக் காட்டியது. கி.பி. 900 முதல் 1300 வரை அமெரிக்க மேற்கு கடுமையாக வறண்டிருந்ததை மரவளையங்கள் முன்னரே புலப்படுத்தியிருந்தன. வடக்கு டக்கோட்டாவின் மூன் ஏரியில் உவர்ப்பை உணர்த்தும் டயட்டம் பாசிகளை ஆராய்ந்த கேத்தலீன் லேர்டு குழுவினரும், கி.பி. 1200-க்கு முற்பட்ட வறட்சிகள் பின்னையவற்றைவிடக் கடுமையானவை என 1996-இல் கண்டறிந்தனர்.

இரு சான்றுகளும் முரண்படுவனவாகத் தோன்றினும், சேர்த்துப் பார்க்கையில் தெளிவான விளக்கம் கிடைக்கிறது. இந்நிலம் இயல்பாகவே புழுதி எழுப்பக்கூடியது. வறட்சி நீடித்தால் மனிதர் தலையீடின்றியும் அது எழும். இடைக்கால வறட்சி அளவுக்குக் கடுமையற்ற காலநிலையிலேயே அண்மைக்காலப் புழுதி எழுந்தது என்பதுதான் மேய்ச்சலின் பங்கை உணர்த்துகிறது. பழைய அடுக்குகளின் ஒவ்வொரு துண்டும் பல ஆண்டுகளை உள்ளடக்குவதால், குறுகிய கால உச்சங்கள் அதில் கரைந்துபோகும் என்பதையும் ஒப்பீட்டின்போது கருதவேண்டும்.

ஒற்றைக் காரணத்தின் விலை

காரணம் எது என்னும் வினா ஆய்வரங்கோடு நிற்கவில்லை. கொலராடோ பீடபூமியில் வாழும் நவஹோ மக்களுக்கு 1868 உடன்படிக்கையின்படி அமெரிக்க அரசே 15,000 செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும் அளிப்பதாக ஒப்பியது. 1933-இல் இந்தியர் நலத்துறை ஆணையராகப் பொறுப்பேற்ற ஜான் கொலியர் காலத்தில், மிகைமேய்ச்சலால் அரிக்கப்படும் மண் போல்டர் அணையின் நீர்த்தேக்கத்தைத் தூர்க்கும் என்ற காரணம் காட்டி மந்தைகள் குறைக்கப்பட்டன. கொண்டுசெல்ல இயலாத இடங்களில் ஆடுகள் சுட்டுக்கொல்லப்பட்டன. மந்தைகள் பெரும்பாலும் பெண்களின் உடைமையாக இருந்தும் அவர்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை என்பதை மார்ஷா வைசிகர் 2009-இல் வெளியான தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். மிகைமேய்ச்சல் நிகழ்ந்ததை அவர் மறுக்கவில்லை. காலநிலையின் பங்கை அதிகாரிகள் புறக்கணித்ததையே சுட்டினார்.

இங்கே ஏரி வண்டலின் வரம்பும் புலனாகிறது. புழுதி எப்போது பெருகியது, எத்திசையிலிருந்து வந்தது என்பதை வண்டல் கூறும். எவருடைய மந்தை மேலோட்டை நொறுக்கியது என்பதை அது கூறாது. அதற்கு உடன்படிக்கையும் சந்தைக் கணக்கும் வாய்மொழிச் சான்றும் வேண்டும்.

கொலராடோ ஆற்றிலும் இவ்வினா தொடர்கிறது. பனிமீது படியும் புழுதி வெயிலை ஈர்த்துப் பனியை விரைவில் உருக்குகிறது. முன்னதாக வெளிப்படும் நிலமும் தாவரமும் கூடுதல் நீரை ஆவியாக்குகின்றன. குடியேற்றத்துக்குப் பிந்தைய புழுதியால் ஆற்றின் உச்சப்பெருக்கு சுமார் மூன்று வாரம் முந்துவதாகவும், ஆண்டு நீர்வரத்து ஏறத்தாழ 5 சதவீதம் குறைவதாகவும் தாமஸ் பெயின்டர் குழுவினர் 2010-இல் கணித்தனர். லீஸ் ஃபெரியில் நீரளவைப் பதிவு 1921-இல் தொடங்கியது. ஆற்றுநீர்ப் பங்கீட்டு உடன்பாடு 1922-இல் உருவானது. அப்போது புழுதி முன்னரே பெருகியிருந்தது. மறுபுறம், அது மரவளையங்களின்படி மழை மிகுந்த காலம். ஆகவே ‘இயல்பு நிலை’ எனக் கொள்ளப்பட்ட அளவு இருவகையிலும் இயல்பானதன்று.

முடிவுரை

மாலின் கூறியவாறு புழுதிப்புயல் குடியேற்றத்துக்கு முற்பட்டது. வொர்ஸ்டர் கூறியவாறு மனிதரின் நிலப்பயன்பாடு அதனைப் பெருக்கியது. ஏரி வண்டல் இரு கூற்றுகளுக்கும் உரிய அளவைத் தருகிறது. வறட்சியை மனிதரால் தடுக்க இயலாது. மண்ணின் மேலோட்டைக் காக்க இயலும் என்பதை 1934-க்குப் பிந்தைய அடுக்குகள் காட்டுகின்றன. இடைக்கால வறட்சி போன்றதொன்று, மேலோடு நொறுங்கிய இன்றைய நிலத்தின் மீது வருமாயின் இரு காரணங்களும் ஒருசேரச் செயற்படும். அந்நிலைக்கு ஒப்பான அடுக்கு எதுவும் இவ்வேரிகளின் முற்கால வண்டலில் இல்லை.