ரேடியோலேரியா: கடற்சேறு கல்லான பெயர்

சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் முகத்துவாரமாகிய கோல்டன் கேட்டைக் கடந்து வடகரை ஏறுவோர், மாரின் ஹெட்லண்ட்ஸ் என்னும் முனைநிலத்தில், சாலைக்காக வெட்டிய மலைப்பக்கங்களிலே, செங்காவி நிறப் பாறையானது இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் அடுக்கடுக்காக, இடையிடையே மெல்லிய களிப்பாறை ஏடுகளுடன் நெளிந்தும் மடிந்தும் நிற்கக் காண்பர். அதற்குச் 'செர்ட்' என்று பெயர். ஆங்கிலத்தில் பதினேழாம் நூற்றாண்டு முதல் ஏட்டில் வழங்கும் இச்சொல்லின் மூலம் அகராதிக்காரர்களுக்கும் பிடிபடவில்லை.

ஆனால் அதற்கு அடைமொழியாக வரும் 'ரேடியோலேரிய' என்ற சொல்லுக்கோ ஜாதகமே உண்டு. அந்தக் கல்லை நனைத்துக் கைக்கண்ணாடியால் உற்று நோக்கினால் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். அவை, ஒற்றை உயிரணுவாலாகிய மிதவைப் பிராணிகள் கடல்நீரிலிருந்து சிலிக்காவைப் பிரித்துக் கட்டிக்கொண்ட கூடுகளின் எச்சங்களாகும். ஜெர்மானிய விஞ்ஞானி எரன்பெர்க் 1838இல் அவற்றைப் 'பாலிசிஸ்டினா' என்றார். யோஹான்னஸ் முல்லர் 1858இல், தாம் மறைந்த அதே ஆண்டில், 'ரேடியோலேரியா' என்று நாமகரணம் செய்தார். லத்தீனில் 'ரேடியஸ்' என்பது சக்கரத்தின் ஆரக்காலையும் ஒளிக்கிரணத்தையும் குறிக்கும்; நம்முடைய 'ஆரம்' என்ற சொல்லும் சக்கரத்திலிருந்து க்ஷேத்திர கணிதத்துக்குக் குடியேறியதே. முல்லரின் மாணவரான ஹெக்கல் 1862இல் இவற்றைப் பற்றிப் பெருநூல் எழுதினார்; 1887இல் சேலஞ்சர் என்னும் கடலாய்வுக் கப்பலின் சேகரத்திலிருந்து புதிய இனங்களாக 3,500க்கு மேல் வர்ணித்தார். அவருக்குச் சாஸ்திரத்தைவிடச் சித்திரத்தில்தான் மோகம் அதிகமோ என்று ஐயுறும்படி இருக்கும், அவர் வரைந்த உருவங்கள்!

அந்தச் சேலஞ்சர் கப்பலே 1875இல் மேற்குப் பசிபிக்கில் 4,475 பாக (ஃபாதம்) ஆழத்திலிருந்து இக்கூடுகள் நிறைந்த சேற்றை எடுத்து வந்தது. ஆழம் ஒரு வரம்பைத் தாண்டும்போது சுண்ணாம்புக் கூடுகள் கரைந்துபோக, சிலிக்காக் கூடுகளே மிஞ்சிப் படியும். மாரின் முனையின் கல்லும், நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக்கின் அடியில், எரிமலைக் குழம்பு தலையணை வடிவாக உறைந்த பஸால்ட்டின்மேல் இவ்வாறே படிந்தது. ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் பத்துக் கோடி ஆண்டுக் காலம் படிந்தும், திரண்ட கனம் சுமார் 80 மீட்டர்தான். கணக்கிட்டால் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கூட்டின் சிலிக்கா நாளடைவில் கரைந்து மீண்டும் திரண்டு, குவார்ட்ஸாக இறுகியது. அதைச் சுமந்த, ஃபாரலோன் என்னும் கடலடிப் புவித்தட்டு அமெரிக்கக் கண்டத்தை நெருங்கியபோது கரையிலிருந்து வந்த மணல் அதன்மேல் மூடியது. பின்பு தட்டு கண்டத்தின் அடியில் அமிழ்கையில் மேற்படலங்கள் துண்டு துண்டாகச் சுரண்டப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. இத்தொகுதிக்கு 1895இல் புவியியலார் லாசன் 'பிரான்சிஸ்கன்' என்று பெயரிட்டதால், அஸிஸியின் துறவி பிரான்சிஸின் பெயர், சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் வழியாகக் கல்லுக்கும் வந்து சேர்ந்தது.

தமிழில் செர்ட்டைச் 'சிக்கிமுக்கிக்கல்' என்று பெயர்த்துவிடுவது எளிது. ஆனால் அப்பெயர் தீயுண்டாக்கும் தொழிலைச் சொல்லுமேயன்றிப் பிறப்பைச் சொல்லாது. மாரின் முனையின் கல்லுக்கு 'ஆரவுயிரிப் பாறை' என்பதே பொருந்தும். அது நாவுக்குக் கடினமென்றால், செர்ட் என்றே வைத்துக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.