நாவும் மூக்கும்: சுவையையும் மணத்தையும் நாம் அறிவது எப்படி?

சளி பிடித்தால் பிரியாணியும் வெறும் சோறாகத் தெரிகிறது. "நாக்கு செத்துப் போச்சு" என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அப்போதும் உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரமும் தெரியும். காணாமல் போவது ஏலம், பட்டை, நெய் ஆகியவற்றின் வாசம்தான். பழுது நாக்கில் இல்லை, மூக்கில். நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கு தருவது. இந்த இரண்டு புலன்களின் அமைப்பைத் தெரிந்துகொள்வது பாடத்துக்காக மட்டுமல்ல, நம் வீட்டுப் பெரியவர்களின் பாதுகாப்புக்காகவும் தேவைப்படுகிறது.

நாக்கின் மேற்பரப்பு

நாக்கின் மேல் சொரசொரப்பாக இருக்கும் சிறு முனைப்புகளுக்கு 'பாப்பில்லா' என்று பெயர். இவை நான்கு வகை.

முதல் வகை இழை வடிவம். எண்ணிக்கையில் இதுவே அதிகம். உணவைப் பிடித்துப் புரட்ட உதவும் இந்த வகையில் சுவை மொட்டுகள் கிடையாது. இரண்டாவது காளான் வடிவம். நாக்கின் நுனியிலும் ஓரங்களிலும் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். மூன்றாவது இலை வடிவம். நாக்கின் பின்பக்க ஓரங்களில் மடிப்பு மடிப்பாக இருக்கும். நான்காவது அகழி சூழ்ந்த வகை. நாக்கின் பின்பகுதியில் 8 முதல் 12 வரை பெரிய மேடுகளாக வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மேட்டையும் சுற்றி ஓர் அகழி உண்டு. அகழியின் சுவர்களில் சுவை மொட்டுகள் நிறைந்திருக்கும். அடியில் உள்ள சுரப்பிகள் நீர் சுரந்து அகழியைக் கழுவிவிடும். அதனால்தான் பழைய சுவை தங்காமல் அடுத்த சுவை தெரிகிறது.

கண்ணாடியில் இந்த மேடுகளைப் பார்த்துக் 'கட்டி' என்று பயப்படுவோர் உண்டு. ஒரே வரிசையில் சீராக இருக்கும் மேடுகள் எல்லோருக்கும் உள்ளவைதான். ஆனால் நாக்கில் புதிதாக வந்த புண் இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சுவை மொட்டுக்குள்

நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு சுவை மொட்டு பூண்டைப் போலத் தெரியும். பற்கள் நெருங்கி நிற்பதுபோல 50 முதல் 100 செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். மேலே ஒரு நுண்துளை. அதன் வழியே செல்களின் மெல்லிய முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். உமிழ்நீரில் கரைந்த பொருள்தான் அந்தத் துளைக்குள் நுழைய முடியும். வாய் வறண்டால் சுவை மங்குவது இதனால்தான்.

மொட்டுக்குள் வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. சில செல்கள் தாங்கி நிற்கும். சில செல்கள் இனிப்பையோ கசப்பையோ உமாமியையோ அறியும். புளிப்பை அறிபவை வேறு செல்கள். அடியில் உள்ள செல்கள் புதிய செல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஒரு சுவை செல்லின் ஆயுள் சராசரியாகப் பத்து நாட்கள்தான். சூடான டீயில் வெந்த நாக்கு சில நாட்களில் பழையபடி ஆவதற்கு இதுவே காரணம்.

நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்னால் கசப்பு என்று நாக்கை வட்டாரங்களாகப் பிரித்த படத்தைப் பள்ளியில் பார்த்திருப்போம். அது சரியல்ல. 1901இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் ஹேனிக் இடத்துக்கு இடம் மிகச் சிறிய வேறுபாடுகளையே கண்டார். பின்னாளில் அதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த படம் அது. மொட்டு உள்ள எல்லா இடங்களிலும் எல்லாச் சுவைகளும் தெரியும். நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் சர்க்கரை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஐந்தா, ஆறா?

நம் மரபில் அறுசுவை என்கிறோம். அறிவியல் கணக்கில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என ஐந்து. உமாமியை 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டறிந்தார். கறி ஆணத்திலும் கருவாட்டிலும் பழுத்த தக்காளியிலும் நாக்கில் தங்கி நிற்கும் அந்த நிறைவான சுவைதான் உமாமி.

காரம் இந்தக் கணக்கில் வராது. மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டையும் வலியையும் அறியும் நரம்புகளைத் தூண்டுகிறது. மிளகாய் தொட்ட கை பட்டால் கண்ணும் எரிவது அதனால்தான். கண்ணில் சுவை மொட்டு இல்லையே! கேப்சைசின் வேலை செய்யும் அந்த உணர்வியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

சுவைச் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்ல மூன்று நரம்புகள் உள்ளன. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்கு முகநரம்பின் கிளை, பின் பங்குக்கு ஒன்பதாவது மூளை நரம்பு, தொண்டைப் பகுதிக்குப் பத்தாவது நரம்பு. முகநரம்பின் அந்தக் கிளை நடுக்காதின் வழியாகச் செல்கிறது. காது அறுவை சிகிச்சைக்குப் பின் சிலருக்கு நாக்கின் ஒரு பக்கம் சுவை மாறுவது இதனால்தான்.

மூக்கின் கூரையில்

மணத்தை அறிவது மூக்கு முழுவதும் அல்ல. மூக்குக் குழியின் கூரையில் சில சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள சவ்வு அது. அதில் கோடிக்கணக்கான நரம்புச் செல்கள், அவற்றைத் தாங்கும் செல்கள், புதிய செல்களை உண்டாக்கும் அடிச்செல்கள், சளி சுரக்கும் சுரப்பிகள் ஆகியவை இருக்கின்றன. மணத் துகள்கள் அந்தச் சளியில் கரைந்து, நரம்புச் செல்களின் மயிர் போன்ற முனைகளில் ஒட்டுகின்றன.

மனிதனுக்கு ஏறத்தாழ 400 வகை மண உணர்விகள் உள்ளன. ஒரு நரம்புச் செல்லில் ஒரு வகை உணர்விதான் இருக்கும். ஆனால் ஒரு மணம் பல வகை உணர்விகளைத் தூண்டும். எழுத்துகள் சேர்ந்து சொற்கள் ஆவதுபோல, எந்தெந்த உணர்விகள் தூண்டப்பட்டன என்பதை வைத்து மூளை மணங்களைப் பிரித்தறிகிறது. இந்த உணர்விகளின் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ஆகிய இருவரும் 1991இல் வெளிப்படுத்தினர். 2004இல் நோபல் பரிசு பெற்றனர்.

செல்களின் நரம்பு இழைகள் மூக்குக்கு மேலே சல்லடை போன்ற எலும்புத் தகட்டின் துளைகள் வழியே மூளையின் முகர்வுக் குமிழுக்குச் செல்கின்றன. அங்கிருந்து உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகள் மிக அருகில். மறைந்த பெரியவர் பூசிய அத்தரின் மணம் எங்கோ வீசினால் அவர் முகம் கண்முன் வருவது இந்த நெருக்கத்தால்தான்.

உணவை மெல்லும்போது அதன் மணம் வாயின் பின்பக்கம் வழியாகவும் மூக்குக்கு ஏறுகிறது. இதைப் பிள்ளைகளுக்கு எளிதாகக் காட்டலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஏலக்காய் மிட்டாயைச் சப்பச் சொல்லுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். மூக்கை விட்டதும் ஏலக்காய் வந்துவிடும்.

மணம் போனால் என்ன ஆகும்?

சளிக் காய்ச்சல், மூக்கில் வளரும் சதை, தலையில் அடி, புகைப்பழக்கம், சில மருந்துகள், முதுமை ஆகியவற்றால் மணம் மங்கலாம். தலையில் பலமான அடி பட்டால் சல்லடை எலும்பின் துளைகளில் அந்த மெல்லிய இழைகள் அறுந்துவிடக்கூடும். பார்க்கின்சன் நோயில் கை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மணம் குறைவதுண்டு. கொரோனாக் கிருமி பெரும்பாலும் நரம்புச் செல்களை அல்ல, தாங்கும் செல்களையே தாக்கியது. அடிச்செல்கள் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் பலருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியது. சிலருக்கு மாதக்கணக்கில் ஆனது.

கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம். மணம் மங்கினால் அதைக் கவனிப்பவர் இல்லை. மெல்ல மெல்லக் குறைவதால் பெரியவர்களுக்கே அது தெரிவதில்லை. சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிவு தெரிவதற்காகத்தான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். மூக்கு வேலை செய்யாதவருக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேராது. கெட்டுப்போன கறியும் புளித்த பாலும் தெரியாது. சாப்பாடு சப்பென்று இருப்பதால் உப்பையும் சர்க்கரையையும் கூட்டிக்கொள்வார்கள். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. உம்மாவின் சமையலில் திடீரென்று உப்பு கூடினால் குறை சொல்வதற்கு முன், வாசம் தெரிகிறதா என்று கேட்டுப் பார்ப்போம்.

வீட்டில் செய்யக்கூடியவை

கண்ணை மூடச் சொல்லி காப்பித்தூள், கிராம்பு, எலுமிச்சைத் தோல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மூக்கருகில் காட்டினால் ஓரளவு தெரிந்துவிடும். குறை இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டபின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கிருமித் தொற்றுக்குப் பின் மணம் போனவர்களுக்கு முகர்வுப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. ஜெர்மன் மருத்துவர் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை இது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களையும் காலையும் மாலையும் சில நொடிகள் கவனத்தோடு முகர வேண்டும். குறைந்தது 12 வாரங்கள் தொடர வேண்டும். எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது. ஆனால் செலவு குறைவு.

மணம் தெரியாதவர் உள்ள வீட்டில் எரிவாயு கசிவை ஒலியெழுப்பிச் சொல்லும் கருவியைப் பொருத்துவது நல்லது. மிச்ச உணவில் தேதி எழுதி வைப்போம். சாப்பிடும் முன் வேறொருவர் முகர்ந்து பார்த்துக் கொடுப்போம். அவர்களுடைய மூக்கின் வேலையை நாம் செய்து கொடுக்க வேண்டியது அவ்வளவுதான்.