செயற்கூறுக்குள் போன பட்டியல் – ஒரு சிறு வரலாறு

தென்காசி, இலத்தூர் பக்கம் கல்யாண வீடுகளில் மொய் எழுத உட்காருபவரிடம் வீட்டுக்காரர் நோட்டைக் கொடுத்து விடுவார். அவர் எழுதுவது நகலில் அல்ல, வீட்டு நோட்டிலேயே. அவர் எழுந்து போன பிறகும் பெயர்கள் அதில் இருக்கும். பைத்தான் மொழியில் ஒரு பட்டியலைச் செயற்கூறுக்கு அனுப்பும்போது நடப்பதும் இதுதான். உள்ளே 'அப்பெண்ட்' கட்டளையால் ஒரு பெயரைச் சேர்த்தால் வெளியே இருக்கும் பட்டியலும் நீளும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

1958இல் ஜான் மெக்கார்த்தி எம்.ஐ.டி.யில் தொடங்கிய லிஸ்ப் மொழிக்குப் பட்டியல்தான் அடிப்படை. 1960இல் வந்த அல்கால் மொழியில், மதிப்பை நகலெடுத்து அனுப்பும் முறை இருந்தது. பெரிய பட்டியல் என்றால் நகலெடுக்க நேரமும் நினைவகமும் செலவாகும். 1970களில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய குளூ மொழி வேறு வழியில் போனது. அழைப்பவரும் செயற்கூறும் ஒரே பொருளைப் பகிர்ந்து கொள்வார்கள். 1991இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தானும் இதே வழியில்தான் நடக்கிறது.

தமிழக மேல்நிலைப் பள்ளிகளில் சி++ படித்து வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் மாணவர்களுக்கு, 2019-20 கல்வியாண்டில் பைத்தான் பாடமானது. தென்காசி தனி மாவட்டமானதும் அதே 2019 நவம்பரில்தான்!

புதிதாகப் படிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. "நோட்டு தராவிட்டால் காலி நோட்டு எடுத்துக்கொள்" என்று செயற்கூறின் முதல் வரியிலேயே காலிப் பட்டியலை எழுதி வைப்பார்கள். அந்தக் காலி நோட்டு ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக வராது. செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகும். அதனால் இரண்டாம் கல்யாணத்து மொய்யில் முதல் கல்யாணத்துப் பெயர்களும் வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து.

மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்பது குழம்பினால் உறவே முறிந்து போகும். கடைக் கணக்கும் வங்கிக் கணக்கும் அப்படித்தான்.

இதற்கு மருந்து எளிது. முதல் வரியில் 'நன்' (ஒன்றுமில்லை) என்று மட்டும் எழுதி, செயற்கூறுக்குள் நுழைந்த பிறகு புதுப் பட்டியலை உருவாக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு நோட்டு!