அடைமொழி உதிர்ந்த சொற்கள்: ‘சேரி’, ‘காலனி’, ‘அரிசன்’ குறித்து

தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் இன்றும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “ஊர்லயா, காலனியிலயா?” கேட்பவருக்கு வழி தெரிய வேண்டியதில்லை, சாதி தெரிய வேண்டும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே அதைத் தெரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். வந்தவரைத் திண்ணையில் உட்காரச் சொல்வதா, குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் எந்தப் பாத்திரத்தில் கொடுப்பது என்பதெல்லாம் விடை வந்த கணத்தில் முடிவாகிவிடும்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், சாதிப் பெயர் தாங்கிய தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகள் முதலியவற்றின் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையும் வெளியாயிற்று. இவற்றுக்கு எழுந்த மறுப்புகளில் இரண்டு கவனத்துக்குரியவை. ரயில்வே காலனியிலும் ஏஜிஎஸ் காலனியிலும் குடியிருப்பவர் எவருக்கும் அந்தச் சொல் உறுத்தவில்லையே, அதில் என்ன இழிவு இருக்கிறது என்பது ஒன்று. சொல்லை மாற்றினால் வாழ்க்கை மாறிவிடுமா என்பது மற்றொன்று. முதல் மறுப்புக்குச் சொல்வரலாற்றிலேயே விடை இருக்கிறது. இரண்டாவது மறுப்பு பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதியை முழுமையாகக் கொண்டு பெயர் மாற்றங்கள் அனைத்தையும் ஒதுக்குவோர் சொல் செய்யும் வேலையைக் காணத் தவறுகிறார்கள்.

‘சேரி’யிலிருந்து தொடங்கலாம். சங்க இலக்கியத்தில் சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். தலைவன் இதே ஊரில் இருந்தும் நம் சேரிப் பக்கம் வருவதில்லை என்று தலைவி வருந்தும் பாட்டு குறுந்தொகையில் உண்டு. அந்தத் தலைவியைத் தாழ்ந்தவள் என்று எந்த உரைகாரரும் சொன்னதில்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளுக்கு வரும்போது காட்சி மாறுகிறது. இறையிலி நிலங்களை எண்ணிச் செல்லும் அந்த ஆவணங்களில் கம்மாணச்சேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று சேரிகள் தனித்தனியே பெயர் பெறுகின்றன. தீண்டாமை ஏட்டில் ஏறிவிட்டது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இன்னாருடைய சேரி என்று சொல்வதற்கு அக்காலத்தில் அடைமொழி தேவைப்பட்டிருக்கிறது. கம்மாளர் வாழ்ந்ததும் சேரிதான், பறையர் வாழ்ந்ததும் சேரிதான்.

பின்வந்த நூற்றாண்டுகளில் அந்த அடைமொழி உதிர்ந்தது. உதிர்ந்தபோது தன் பொருளையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அதைச் சேரி என்ற சொல்லுக்குள்ளேயே விட்டுச் சென்றது. ‘பறைச்சேரி’ குறித்த பொருளை இன்று ‘சேரி’ மட்டுமே குறிக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பழம்பொருளையும் பின்வந்த பொருளையும் பதிந்திருக்கிறது. பேச்சு வழக்கில் எஞ்சியிருப்பது பின்னதுதான். புதுச்சேரியும் வேளச்சேரியும் முன்னொட்டோடு இறுகிப்போன ஊர்ப்பெயர்கள் என்பதால் தப்பித்தன.

‘காலனி’ இதே பாதையில் வந்த சொல். 1920 அளவில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை ஏற்பட்டு ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனை ஒதுக்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் நலத்துறையும், 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோ என்னும் அரசு வீட்டுவசதிக் கழகமும் வீடுகள் கட்டித் தந்தன. அந்தக் குடியிருப்புகளுக்கு ‘அரிசன காலனி’, ‘ஆதிதிராவிடர் காலனி’ என்று பலகை வைக்கப்பட்டது. நோக்கம் நல்லது. பழைய சேரியைவிடக் காற்றும் வெளிச்சமும் உள்ள வீடுகள் அவை. ஆனால் மனை ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டது. நாளடைவில் ‘அரிசன’ போய், ‘ஆதிதிராவிடர்’ போய், ‘காலனி’ நின்றது. நகரத்தில் ‘ரயில்வே’, ‘ஏஜிஎஸ்’ என்ற அடைமொழிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அங்கே அது பொதுச்சொல். கிராமத்தில் அடைமொழி உதிர்ந்துவிட்டதால் அது சாதிச்சொல். ரயில்வே காலனியைக் காட்டி வாதாடுவோர் வேறொரு சொல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இலத்தீனில் ‘காலனி’ என்ற சொல்லுக்கு மூலம் உழுதொழிலைக் குறிக்கும் வினை. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தை உழுது, தனக்கென ஒரு காணி இல்லாதிருந்த மக்களுக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்ததை எண்ணும்போது மனம் கனக்கிறது.

மொழிநூலார் இத்தகைய மாற்றத்தை இழிபொருட்பேறு என்பர். ‘நாற்றம்’ பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது, இன்று கெட்ட வாடையை மட்டும் குறிக்கிறது என்பது வகுப்பறையில் தரப்படும் எடுத்துக்காட்டு. சேரியையும் அதோடு ஒரே பட்டியலில் வைப்பதை நான் ஏற்கவில்லை. நாற்றம் இழிந்ததில் எவருக்கும் நட்டமில்லை. சேரி இழிந்ததற்குக் காரணம், அங்கே வாழ்ந்தவர்கள் இழிவாக நடத்தப்பட்டார்கள் என்பது. முன்னது மொழிக்குள் நடந்த மாற்றம், பின்னது ஊருக்குள் நடந்த கொடுமை மொழியில் பதிந்த தடம்.

இனி இரண்டாவது மறுப்பு. சொல்லை மாற்றினால் வாழ்க்கை மாறுமா? ‘காலனி’ வெறும் வசவாக இருந்திருந்தால் இக்கேள்விக்கு வலு உண்டு. அது முகவரியில் இருக்கிறது. குடும்ப அட்டையில், வாக்காளர் அட்டையில், வேலை விண்ணப்பத்தில் இருக்கிறது. சாதிச் சான்றிதழை யாரிடம் காட்டுவது என்பதை அதற்குரியவர் முடிவு செய்யலாம். முகவரியை எல்லாரிடமும் காட்டித்தான் ஆக வேண்டும். நகரத்துக்கு வந்து வாடகை வீடு தேடும் இளைஞர், வீட்டுக்காரரிடம் ஆதார் நகலைக் கொடுக்கும் அந்த நிமிடத்தில் தன் கிராமத்தின் எல்லைக்கோட்டையும் சேர்த்தே கொடுக்கிறார். முகவரியிலிருந்து அந்தச் சொல்லை எடுப்பது சுவரை இடிப்பதற்கு ஈடாகாது என்பது உண்மை. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் ஊரையும் காலனியையும் பிரித்த சுவர் செங்கல்லும் சிமெண்டுமாகவே நின்றது, அதில் ஒரு பகுதியை இடிக்கவே 2008 வரை ஆயிற்று. ஆயினும் சுவரைக் கிராமத்துக்கு அப்பாலும் சுமந்து செல்லும் கருவி ஒன்று பிடுங்கப்படுகிறது. அது சிறிய காரியமில்லை.

அப்படியானால் எல்லாப் பெயர் மாற்றமும் நன்றா? இல்லை. இங்கே நம் இலக்கண மரபு நமக்கு ஓர் அளவுகோல் தருகிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிக்கிறார். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், ஓலையைத் திருமுகம் என்பதும் மங்கலம். மங்கலத்தின் இயல்பை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒரு பொருள் மங்கலமற்றது என்று பேசுபவர் முதலில் கருதிக்கொள்கிறார்; பிறகு தம் நாவையும் கேட்பவர் செவியையும் காப்பதற்காக நல்ல சொல்லால் அதை மூடுகிறார். நன்காடு என்பதால் சுடுகாட்டுக்கு எந்த நன்மையும் இல்லை. பொருள்களுக்கு இது பொருந்தும். மனிதர்களுக்கு மங்கலம் வழங்கினால், அவர்கள் மங்கலமற்றவர்கள் என்ற எண்ணம் அந்த இனிய சொல்லுக்கு அடியிலேயே கிடக்கிறது.

‘அரிசன்’ என்ற சொல்லின் கதை இதுதான். காந்தியடிகள் அன்போடுதான் அதைப் பரப்பினார். 1933 பிப்ரவரியில் அந்தப் பெயரிலேயே வார இதழ் தொடங்கினார். அம்பேத்கர் ஏற்கவில்லை. 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அச்சொல்லைச் சட்டத்தில் ஏற்ற முற்பட்டபோது அவரும் அவர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தனர். கடவுளின் மக்கள் என்று ஒரு பிரிவினரை மட்டும் அழைத்தால் மற்றவர்கள் யாருடைய மக்கள் என்ற கேள்விக்கு அன்றும் விடை இல்லை, இன்றும் இல்லை. அச்சொல்லை அலுவல் வழக்கில் பயன்படுத்த வேண்டாம் என்று 1982-இல் இந்திய அரசு அறிவுறுத்தியது. ஐம்பது ஆண்டுகளுக்குள் ஒரு மங்கலச் சொல் வசவாகிவிட்டது.

‘அரிசன்’ பரவுவதற்கு முன்பே தமிழகத்தில் வேறு வகையான பெயர் விவாதம் நடந்து முடிந்திருந்தது. நம் ஆய்வுலகம் இன்னும் நெருங்கிப் படிக்க வேண்டிய விவாதம் அது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். எந்தச் சொல்லால் தலைகுனிய வைத்தார்களோ அதையே தலைப்பில் வைத்தார். பெயரைச் சொல்ல வெட்கப்படும்வரை உரிமை கேட்க முடியாது என்பது அவர் நிலை. அயோத்திதாசப் பண்டிதர் நேர் எதிரே நின்றார். பறையர் என்பது பூர்வ பௌத்தர்கள்மீது பகைவர் சுமத்திய பெயர், அதைச் சுமக்க நாம் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று 1907-இல் தொடங்கிய தம் ‘தமிழன்’ இதழில் இடைவிடாது எழுதினார். பூர்வத் தமிழர், சாதிபேதமற்ற திராவிடர் என்ற பெயர்களை முன்வைத்தார். இருவரும் மைத்துனர்கள், ஒரே சமூகத்தவர். ஒருவர் பெயரை மீட்க விரும்பினார், மற்றவர் பெயரை உதற விரும்பினார். 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்கு மாற்றாகத் தமிழ்ப்பகுதியில் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு வழக்குக்கு வந்தது.

இவற்றில் எது சரியான பெயர் என்று தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரை முயலவில்லை. ஒன்று மட்டும் உறுதி: இவற்றில் எதுவும் மங்கலம் இல்லை. எவருடைய செவியையும் காப்பதற்காக இவை பிறக்கவில்லை. இவை வரலாற்று உரிமைக் கோரிக்கைகள். பெயருக்கு உரியவர்களே தங்களுக்குள் வாதிட்டுக் கண்டவை. ஏழு சாதிப் பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரில் தொகுத்த 2021-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பின்னால் அத்தகைய நெடுநாள் கோரிக்கை இருந்தது. திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் இன்று வேர்விட்டு நிற்பதற்கும் அச்சமூகத்தார் அவற்றைத் தம்முடையவை என்று எடுத்துக்கொண்டதே காரணம்.

‘துப்புரவுப் பணியாளர்’ ‘தூய்மைப் பணியாளர்’ ஆனதை இந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கையால் மலம் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கழிவுநீர்க் குழியில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டிய தேவை இருந்தது என்பதே குழிக்குள் இறங்குவது நிற்கவில்லை என்பதற்குச் சான்று. பெயரில் தூய்மை ஏறியது, இயந்திரம் எல்லா இடங்களுக்கும் வரவில்லை. இது நன்காடு. சொல்லை மாற்றினால் வாழ்க்கை மாறுமா என்ற கேள்வி நியாயமாக எழ வேண்டிய இடம் இதுதான். ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் குறித்தும் இத்தகைய ஐயம் சிலரிடம் உண்டு. ஆனால் சாய்தளத்துக்கும் பேருந்துக்கும் போராடுகிறவர்களே அந்தச் சொல்லைத் தம் பதாகையில் ஏந்தியிருப்பதால் அதை நான் மங்கலம் என்று தள்ளமாட்டேன்.

வரலாறு அழிந்துவிடும் என்ற கவலையும் சொல்லப்படுகிறது. கல்வெட்டிலுள்ள தீண்டாச்சேரியை எவரும் செதுக்கி எடுக்கச் சொல்லவில்லை. அது அங்கே இருக்க வேண்டும், மாணவர்கள் அதைப் படிக்க வேண்டும். கல்வெட்டில் இருப்பது சான்று, குடும்ப அட்டையில் இருப்பது தண்டனை.

எஞ்சியிருப்பது நடைமுறை. அடைமொழி உதிர்வதைப் பற்றி மேலே சொன்னது உண்மையானால், ‘காலனி’ இருந்த இடத்திலெல்லாம் ‘நகர்’ என்று ஒரே சொல்லை வைத்தால் அதுவும் ஒரு தலைமுறைக்குள் காலனியாகிவிடும். பல ஊர்களில் ‘அம்பேத்கர் நகர்’ என்றாலே எந்தப் பகுதி என்று இப்போதே விளங்கிவிடுகிறது. 1997-இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரங்களில் இந்த இடர் இல்லை. அங்கே 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, மற்றவை பிற வகுப்பினருக்கு என்று வீடுகள் கலந்து ஒதுக்கப்பட்டதால், முகவரியைக் கொண்டு ஒருவர் சாதியைச் சொல்லிவிட முடியாது. பெயரோடு அமைப்பும் மாறிய இடம் அது.

ஆகவே பெயர் மாற்றத்தைக் கையிலெடுக்கும் ஊராட்சிகளிடமும் வருவாய்த் துறையிடமும் கேட்பது இதுதான். புதுப்பெயரை அந்தத் தெருவில் வாழ்பவர்களே சொல்லட்டும். ஊர்த்தெருவின் கதவிலக்கம் எங்கே முடிகிறதோ அதற்கடுத்த எண்ணிலிருந்து காலனியின் கதவிலக்கம் தொடங்கட்டும். அம்பேத்கர் பெயரை ஊருக்கு வெளியே மட்டும் வைக்காதீர்கள். தேர் ஓடும் வீதிக்கும் அதைச் சூட்டுங்கள்.