முக்குளிப்போருக்கு ஏற்படும் உட்செவி அழுத்தக்குறைவு நோய்

காற்றுக்கலன் அணிந்து கடலில் மூழ்குவோர் சுவாசிக்கும் நைட்ரஜன், நீரின் அழுத்தத்தால் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலேறும்போது அழுத்தம் குறைவதால், திறந்த சோடா பாட்டிலில் போல, அது குமிழ்களாகப் பிரிகிறது. இக்குமிழ்கள் உட்செவியைத் தாக்கினால் உடலின் சமநிலை குலைகிறது. குழாய்வழிக் காற்றைச் சுவாசித்துச் சங்கு குளிப்போருக்கும் இது பொருந்தும்.

பெரும்பாலும் நீரைவிட்டு வெளியேறிய 2 மணி நேரத்திற்குள் கடும் தலைசுற்றல், வாந்தி, நிற்க இயலாமை தோன்றும். சிலருக்குக் காது இரைச்சலும் செவித்திறன் இழப்பும் உண்டாகும். இதனைக் கடல் மயக்கம் என்றோ பித்தம் என்றோ கருதி மாத்திரை கொடுத்து உறங்க வைப்பதே நாம் அஞ்சும் தவறு. மூழ்கும்போதே காதுவலியும் அடைப்பும் தொடங்கியிருப்பின், அது உட்செவி அழுத்தக் காயமாக இருக்கலாம்; அதற்கு அழுத்த அறைச் சிகிச்சை தீங்கு செய்யக்கூடும். ஆகவே மூழ்கிய ஆழம், நேரம், அறிகுறி தொடங்கிய தருணம் ஆகியவற்றை உடனிருப்பவர் குறித்து மருத்துவரிடம் தர வேண்டும்.

நோயாளியைப் படுக்கவைத்து, முகமூடி வழியாக 100 விழுக்காடு ஆக்சிஜன் அளித்தவாறே, உயரழுத்த ஆக்சிஜன் அறை உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்ல வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உட்செவிக்கு இழப்பே. மீண்டும் நீரில் இறக்குதல், மூக்கைப் பொத்தி ஊதுதல், சாதாரண விமானப் பயணம் ஆகியவை கூடாது.

சிகிச்சைக்குப் பின்னும் தள்ளாட்டம் சில வாரங்கள் நீடிக்கலாம். சேதம் முற்றிலும் ஆறாவிடினும், சமநிலைப் பயிற்சிகளால் மூளை அதனை ஈடுசெய்யப் பழகிக்கொள்ளும். இந்நோயுற்றோரில் பலருக்கு இதய மேலறைகளுக்கிடையே பிறவியிலிருந்தே மூடாத சிறு துளை காணப்படுகிறது. மீண்டும் முக்குளிக்க விரும்புவோர் அதற்கான இதயப் பரிசோதனை செய்துகொண்ட பின்னரே மருத்துவரின் அனுமதி கோர வேண்டும்.