வாடகை வண்டியும் விபத்தின் பொறுப்பும்

2013 ஆம் ஆண்டின் கடைசி நாளிரவு. ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே, பாதசாரிகள் கடவையில் ஒரு தாய் தன் இரு குழந்தைகளுடன் வீதியைக் கடந்துகொண்டிருந்தபோது, மோட்டார் வண்டியொன்று அவர்கள்மீது மோதியது. ஆறு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். தாயும் மகனும் காயமுற்றனர். வண்டியின் சாரதி, ஊபர் என்னும் கம்பனியின் செயலி மூலம் பிரயாணிகளை ஏற்றிப் பிழைப்பவர். விபத்துக்குக் கம்பனி பொறுப்பேற்குமா என்ற கேள்வி எழுந்தபோது, அது தந்த மறுமொழி மிக எளிதாயிருந்தது: அவ்வேளையில் அவருடைய வண்டியிற் பிரயாணி எவரும் இல்லை, எவரையும் ஏற்றிவர அவர் சென்றுகொண்டிருக்கவுமில்லை, ஆகவே அவர் கம்பனியின் சேவையில் இருக்கவில்லை. குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தனர். செயலியைத் திறந்து வைத்து அடுத்த அழைப்பை எதிர்பார்த்திருத்தலும் கம்பனிக்குச் செய்யும் வேலையே என்பது அவர்களது வாதம். 2015 இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. அதனால் இக்கேள்விக்கு அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புக் கிடைக்கவில்லை.

கேள்வி அக்குடும்பத்துடன் நின்றுவிடுவதன்று. வண்டியோட்டி ஒருவன் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரம் யாருடைய நேரம்? அந்நேரத்திற் சிந்தப்படும் இரத்தத்துக்கு யார் கணக்குக் கொடுக்கவேண்டும்? செயலியும் கைத்தொலைபேசியும் புதியவை, கேள்வி பழையது. அதன் வேர்களை அறியாமல் இன்றைய காப்புறுதிச் சட்டங்களை விளங்கிக்கொள்ளுதல் அரிது என்பதே நமது கருத்து.

1837 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இறைச்சிக்கடைக்காரரின் வேலையாள், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய வண்டி உடைந்து விழுந்ததிற் தொடையெலும்பு முறிந்து நட்டஈடு கேட்டான். யூரர்கள் 100 பவுண் கொடுக்கச் சொன்னார்கள். பிரபு அபிங்கர் தலைமையிலான நீதிமன்றமோ அதைத் தள்ளியது. இவனுக்கு நட்டஈடு கொடுத்தால், நாளை பணிப்பெண் ஈரப்படுக்கையை விரித்ததற்கும் எசமான் பொறுப்பாளியாக வேண்டிவருமே என்று நீதிபதி அஞ்சினார். எலும்பு முறிந்தவனின் வேதனையிலும் பார்க்க, இனிமேல் வரக்கூடிய வழக்குகளின் தொகையே அவர் மனத்தை உறுத்தியிருக்கிறது. ஐந்தாண்டுகளின் பின், 1842 இல், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திற் பிரதம நீதியரசர் லெமுவெல் ஷோ இந்த நியாயத்துக்கு ஒரு தத்துவ அத்திவாரமே இட்டார். பொஸ்டன் - வூஸ்டர் புகையிரதக் கம்பனியின் எஞ்சின் சாரதி ஒருவன், வேறொரு தொழிலாளி தண்டவாள மாற்றியைத் தவறாக விட்டமையாற் புகையிரதம் தடம்புரண்டு, தன் வலக்கையை இழந்தான். அவனது சம்பளம் நாளொன்றுக்கு 2 டொலர். அபாயத்தின் விலை அச்சம்பளத்திலேயே அடங்கிவிட்டது என்றார் நீதியரசர். தவறு சக தொழிலாளியுடையது. முதலாளிக்கு அதிற் பங்கில்லை.

சாரதியும் கம்பனியும் சமபலம் கொண்ட இருவராகச் சந்தித்துச் சுயேச்சையாக ஒப்பந்தம் செய்துகொண்டனர் என்னும் கற்பனைமீதே இத்தீர்ப்பு நிற்கிறது. 'கூட்டுவேலைக் கோட்பாடு' என்று பெயர்பெற்ற இந்த நியாயம் நூறாண்டுகளுக்கு மேல் ஆங்கிலச் சட்டத்தைப் பீடித்திருந்தது. 1867 இல் வெளியான 'மூலதனம்' முதற் பாகத்தில், வேலைநாள் பற்றிய அதிகாரத்திலே மார்க்ஸ் ஒரு காட்சியைக் காட்டுகிறார். பெரியதொரு புகையிரத விபத்தின் பின் லண்டன் மரண விசாரணை யூரர்கள்முன் மூன்று தொழிலாளர்கள் நிற்கின்றனர்: காவலர் ஒருவர், எஞ்சின் சாரதி ஒருவர், சைகையாளர் ஒருவர். பிரயாணிகள் பலர் மாண்டது இவர்களின் கவனக்குறைவால் என்பதே குற்றச்சாட்டு. பதினான்கு, பதினெட்டு, இருபது மணிநேரம் ஓய்வின்றி வேலைவாங்கப்பட்டதாக அவர்கள் சொல்லுகிறார்கள். கையை இழந்தாலும் பொறுப்புத் தொழிலாளியுடையது. பிறர் உயிரிழந்தாலும் பொறுப்புத் தொழிலாளியுடையது. இலாபம் மட்டும் வேறிடத்திற் போய்ச் சேர்ந்தது.

தொழிற்சங்க இயக்கம் வலுப்பெற்ற பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. பிரித்தானியாவில் 1880 இல் முதலாளிமார் பொறுப்புச் சட்டமும் 1897 இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் வந்தன. கூட்டுவேலைக் கோட்பாடு 1948 இலேயே முற்றாக ஒழிந்தது. இலங்கையின் 1934 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் இந்த மரபில் வந்ததே. ஆனால் இச்சட்டங்கள் யாவற்றுக்கும் ஒரு வாசல் உண்டு: தொழிலாளி என்ற பெயர். அப்பெயரை உடையவன் உள்ளே போகலாம். இல்லாதவன் வெளியே நிற்கவேண்டும். ஆகவே நட்டஈட்டை மறுக்க விரும்புவோர், தவறு யாருடையது என்று வாதிடுவதை விட்டு, இவன் எம் தொழிலாளியே அல்லன் என்று வாதிடத் தலைப்பட்டனர்.

வீதியில் அடிபடும் மூன்றாமவரின் கதை வேறு. 1914 ஆம் ஆண்டின் இறுதியில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே சொந்த மோட்டார் வண்டி வைத்திருந்தோர் டிராம் செல்லும் வீதிகளில் ஐந்து சதக் கட்டணத்துக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கினர். ஐந்து சத நாணயத்தின் கொச்சைப் பெயரால் 'ஜிட்னி' எனப்பட்ட இத்தொழில் சில மாதங்களில் அமெரிக்க நகரங்களெங்கும் பரவியது. டிராம் கம்பனிகள் கொதித்தெழுந்தன. 1915 முதல் நகரசபைகள் ஒன்றன்பின் ஒன்றாக அனுமதிப் பத்திரமும் விபத்துக்கான பிணைப் பணமும் கட்டாயமென விதித்தன. பிணைப் பணத்தின் சுமையைத் தாங்கமாட்டாமல் ஜிட்னிகள் மறைந்தன. பிரயாணிகளின் பாதுகாப்புக்குப் பிணை அவசியந்தான். எனினும் அந்த அவசியம் டிராம் முதலாளிகளின் வாயிலாகவே நகரசபைகளின் காதுக்கு எட்டியது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. ஒற்றை வண்டிக்காரரிடம் சில மாதங்களுக்குள் பிணை கேட்ட சட்டம், நூறாண்டு கழித்துப் பெருங் கம்பனிகளிடம் அதையே கேட்பதற்கு எவ்வளவு தயங்கியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வண்டி வைத்திருப்போர் எல்லோருக்கும் காப்புறுதியைக் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் மசாசூசெட்ஸ்; அச்சட்டம் 1927 இல் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில் 1930 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் ஆளுக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. ஆயினும் சட்டம் விதிக்கும் மிகக் குறைந்த தொகையே முதலாளிக்கு மிக உயர்ந்த தொகையாகிவிடும் என்பதற்கு நியூ யோர்க்கில் நிகழ்ந்த ஒரு வழக்குச் சான்று. 1962 இல் ஒரு வழிப்போக்கர் டாக்ஸியில் அடிபட்டுப் பலத்த காயமுற்றார். டாக்ஸியின் சொந்தக்காரர் பத்துக் கம்பனிகளைப் பதிவுசெய்திருந்தார். கம்பனி ஒவ்வொன்றுக்கும் இரண்டே டாக்ஸிகள். டாக்ஸி ஒவ்வொன்றுக்கும் சட்டம் கேட்ட 10,000 டொலர்க் காப்புறுதி மாத்திரம். தொழில் ஒன்று, பணப்பெட்டி ஒன்று; விபத்து நிகழ்ந்தால் மட்டும் இரண்டு பழைய டாக்ஸிகளுக்குமேல் எவரும் கைவைக்க முடியாது. மாநில மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 1966 இல் பெரும்பான்மைத் தீர்ப்பெழுதிய நீதியரசர் ஃபுல்ட், வழக்காளி தமது மனுவிற் சொன்னவை சொந்தக்காரரை நேரே பொறுப்பாக்கப் போதாவென்றும், காப்புறுதி போதாதெனில் அதைத் திருத்தவேண்டியது சட்டசபையே என்றும் கூறினார். பொறுப்பிலிருந்து தப்புவதற்கென்றே வேண்டுமென்று முதலின்றி அமைக்கப்பட்ட கம்பனிகள் இவை என்று நீதியரசர் கீட்டிங் மாறுபட்டார். நமக்குக் கீட்டிங்கின் கூற்றே உண்மைக்கு அண்மையிலுள்ளதாகத் தோன்றுகிறது.

டாக்ஸி முதலாளி தன் தொழிலைப் பத்தாக உடைத்தார். செயலிக் கம்பனிகளோ சாரதி ஒவ்வொருவரையும் தனி முதலாளி ஆக்கிவிட்டன. வண்டி சாரதியுடையது, அதன் கடன், பெற்றோல், தேய்மானம் யாவும் அவருடையவை, கட்டணத்தைத் தீர்மானிப்பது மட்டும் கம்பனி. இதற்குச் 'சவாரிப் பகிர்வு' என்று அவர்கள் இட்ட பெயரும் விசித்திரமானது. அயலவர் இருவர் ஒரே வண்டியிற் சென்று செலவைப் பங்கிட்டுக்கொள்வதைக் குறித்த சொல்லைக் கூலிக்கு ஆளேற்றும் தொழிலுக்குச் சூட்டினர். பெயர் மாறியதும் சட்டம் தடுமாறியது. சொந்தப் பாவனைக்கென எடுக்கப்படும் சாதாரண மோட்டார்க் காப்புறுதி, கூலிக்கு ஆளேற்றும்போது நேரும் விபத்தை ஏற்பதில்லை. கம்பனியின் காப்புறுதியோ பிரயாணம் நடக்கும்போது மட்டுமே தனக்குப் பொறுப்பு என்றது. இரண்டுக்கும் இடையில் விழுந்தவர்களே நாம் தொடக்கத்திற் கண்ட தாயும் பிள்ளைகளும்.

கலிபோர்ணியாவின் பொதுப்பயன்பாட்டு ஆணைக்குழு 2013 செப்டெம்பரிலேயே இக்கம்பனிகளுக்குத் தனி வகுப்பொன்றை உண்டாக்கி, சேவையின்போது 10 இலட்சம் டொலர்க் காப்புறுதி வேண்டுமென விதித்திருந்தது. சேவை எப்போது தொடங்குகிறது என்பதுதான் ஐயத்துக்கு இடமாயிற்று. மூன்று மாதங்களில் அந்த ஐயம் ஓர் உயிரைக் கொண்டுபோனபின், 2014 இற் சட்டசபை புதிய சட்டமொன்றை இயற்றியது. 2015 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அது சாரதியின் பொழுதை மூன்று கட்டங்களாகக் கூறுபோட்டது. செயலியைத் திறந்துவிட்டு அழைப்புக்குக் காத்திருப்பது முதற் கட்டம். அழைப்பை ஏற்றுப் பிரயாணியிடம் செல்வது இரண்டாவது. பிரயாணி வண்டியில் இருப்பது மூன்றாவது. பின்னிரண்டிலும் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்புறுதி 10 இலட்சம் டொலர். முதற் கட்டத்திலோ அடிப்படைக் காப்புறுதி காயமுற்ற ஒருவருக்கு 50,000 டொலர், ஒரு விபத்தில் எல்லோருக்குமாக 100,000 டொலர், பொருட்சேதத்துக்கு 30,000 டொலர். அதற்கு மேலதிகமாகக் கம்பனி வைத்திருக்கவேண்டியது 200,000 டொலர்.

முன்னர் ஒன்றுமில்லாதிருந்த இடத்தில் இது ஒரு முன்னேற்றமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதே வீதி, அதே வண்டி, அதே சாரதி, அதே கடவையில் அதே சிறுமி. சாரதியின் விரல் தொலைபேசித் திரையைத் தொட்டுவிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து அவளுக்குரிய நட்டஈட்டின் எல்லை பலமடங்கு வேறுபடுகிறது. காத்திருக்கும் சாரதிகள் நகரெங்கும் பரந்து நிற்பதனாலன்றோ அழைத்தவுடன் வண்டி வந்து நிற்கிறது? கம்பனி விற்பது இந்த உடனடித்தன்மையையே. அதை உற்பத்திசெய்யும் நேரத்துக்குத்தான் குறைந்த விலை இடப்பட்டிருக்கிறது.

கூலிக் கணக்கிலும் இதே கட்டப் பிரிவைக் காணலாம். கலிபோர்ணியா உயர் நீதிமன்றம் 2018 இல் தொழிலாளி யார் என்பதற்குக் கடுமையான பரீட்சையொன்றை வகுத்தது; 2019 இற் சட்டசபை அதைச் சட்டமாக்கியது. கம்பனிகள் 20 கோடி டொலருக்கு மேற் செலவிட்டு, 2020 நவம்பரில் 22 ஆம் பிரேரணையைச் சர்வசன வாக்கெடுப்பில் வெற்றிபெறச் செய்தன. செயலிச் சாரதிகள் தொழிலாளர் அல்லர் என்றாயிற்று. 2024 ஜூலையில் மாநில உயர் நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. இப்பிரேரணை தரும் வருமான உத்தரவாதம் அழைப்பை ஏற்றபின் உள்ள நேரத்துக்கு மட்டுமே உரியது. சாரதி காயமுற்றால் மருத்துவச் செலவு கொடுக்கும் விபத்துக் காப்புறுதியோ, செயலியில் இணைந்து காத்திருக்கும் நேரத்தையும் உள்ளடக்குகிறது. எலும்பு முறிந்தால் காத்திருத்தல் வேலை. கூலி கேட்டால் அது வேலையன்று!

கடலின் மறுகரையில் நியாயம் வேறுவிதமாகப் பேசப்பட்டது. 2021 பெப்ரவரி 19 ஆம் தேதி ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம், ஊபர்ச் சாரதிகள் தொழிலாளர் வகுப்பைச் சேர்ந்தவர்களே என்று ஒருமுகமாகத் தீர்த்தது. அனுமதி பெற்ற பிரதேசத்துக்குள் செயலியைத் திறந்து, அழைப்பை ஏற்க ஆயத்தமாயிருக்கும் நேரமெல்லாம் வேலைநேரமே என்ற கீழ்மன்றத்தின் முடிவையும் அது ஏற்றுக்கொண்டது. எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் வாசகமல்ல, உண்மையில் யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார் என்பதே கவனிக்கவேண்டியது என்றார் பிரபு லெகட். 1842 இன் சுயேச்சை ஒப்பந்தக் கற்பனைக்கு இது நேரெதிரான பார்வை. ஆனால் அடுத்த மாதமே கம்பனி, அழைப்பை ஏற்றபின் உள்ள நேரத்துக்கே குறைந்தபட்சக் கூலி கொடுப்பதாக அறிவித்தது. தீர்ப்பை வெல்வதும் அதை நிறைவேற்றுவிப்பதும் ஒன்றல்ல.

பிரயாணிக்குள்ள வழக்குரிமையும் இப்போது கைத்தொலைபேசிக்குள் அகப்பட்டுவிட்டது. நியூ ஜேர்சி மாநிலத்தில் 2022 மார்ச்சில் ஊபர் வண்டியிற் சென்ற ஒரு தம்பதியர் விபத்திற் படுகாயமுற்று வழக்குத் தொடுத்தனர். அதற்கு முன்னர் வீட்டுக்கு உணவு வருவிக்கும்போது தாயின் தொலைபேசியில் நிபந்தனைகளை ஏற்பதாகப் பெட்டியில் அடையாளமிட்டது, வயதுவராத தம் மகளே என்பது அவர்களது கூற்று. நிபந்தனைகளுள் ஒன்று, பிணக்குகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் தனியார் நடுத்தீர்ப்புக்கே விடவேண்டுமென்பது. மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024 செப்டெம்பரில் அந்நிபந்தனை செல்லும் என்று தீர்த்தது. யூரர் அவருக்கு 100 பவுண் கொடுக்கச் சொன்னார்கள் என்று 1837 இன் இறைச்சிக்கடை வேலையாளைப் பற்றியாவது எழுத முடிந்தது; இத்தம்பதியர் யூரர்முன் செல்லவே முடியாமற்போயிற்று.

கலிபோர்ணியாவுக்கு மீள்வோம். 2025 ஒக்டோபரில் ஆளுநர் நியூசம் இரு சட்டங்களுக்கு ஒருங்கே ஒப்புதலளித்தார். ஒன்று, செயலிச் சாரதிகள் தொழிற்சங்கம் அமைத்துக் கம்பனிகளுடன் கூட்டாகப் பேரம்பேசும் உரிமையை வழங்குவது. பல்லாண்டுப் போராட்டத்தின் பேறு அது. மற்றையது கம்பனிகள் வேண்டிநின்றது. காப்புறுதியே இல்லாத, அல்லது போதாத காப்புறுதியுள்ள பிறர் வண்டி மோதினால், செயலி வண்டியில் இருப்போருக்குக் கிடைக்கவேண்டிய 10 இலட்சம் டொலர்க் காப்பினை, 2026 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 60,000 டொலராகவும் விபத்தொன்றுக்கு 300,000 டொலராகவும் அது குறைத்தது. இரண்டும் ஒரே பேச்சுவார்த்தையில் விளைந்தவை. மோதப்பட்ட வண்டியில் இருப்போருள் சாரதியும் ஒருவர். சங்கம் அமைக்கும் உரிமையைப் பெற்றவரும் அவரே.