இரைப்பை முறுக்கு: இதயத்துக்குப் பின்னால் தெரியும் ஒரு கோடு

கடும் நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் முதியவர் ஒருவருக்கு மாரடைப்பு என்றே மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். அது நியாயமான சந்தேகமே. ஆயினும் மிக அரிதாக, கோளாறு இதயத்தில் இல்லாமல், அதற்குப் பின்னால் மார்புக்குள் ஏறிவிட்ட இரைப்பையில் இருப்பதுண்டு.

இரைப்பை 180 பாகைக்கு மேல் முறுக்கிக்கொண்டால், உணவு உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் அடைபடக்கூடும். முறுக்கு இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, இரைப்பைச் சுவர் அழுகத் தொடங்குகிறது. உதரவிதானத்தின் துவாரம் விரிந்து, இரைப்பை அதன் வழியே மார்புக்குள் நழுவும் ஹெர்னியாவே பெரியவர்களிடம் இதற்கு முக்கிய காரணம். உதரவிதானக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கும் இது நேரலாம்.

1866ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்ட்டி இந்நோயை விவரித்தது பிரேதப் பரிசோதனை ஒன்றின் அடிப்படையில்தான். 1904இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் மோரிட்ஸ் போர்ஹார்ட் மூன்று அடையாளங்களைச் சுட்டினார்: மேல்வயிற்றில் கடும் வலி, வாந்தி வராத ஓங்காளம், இரைப்பைக்குள் குழாயைச் செலுத்த இயலாமை. இம்மூன்றும் எல்லா நோயாளிகளிடமும் ஒருசேரத் தென்படுவதில்லை. எனவே படங்களின் துணை தேவைப்படுகிறது.

சாதாரண மார்பு எக்ஸ்ரேயே முதல் துப்பைத் தந்துவிடக்கூடும். இதய நிழலின் பின்னால், காற்றும் திரவமும் பிரியும் இடத்தில் ஒரு கிடைக்கோடு தெரியும். வெவ்வேறு உயரங்களில் இரு கோடுகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. நோயாளியை நிமிர்த்தி வைத்து எடுத்த படத்திலேயே இக்கோடு துலங்கும். மல்லாந்து படுத்த நிலையில் எடுத்த படத்தில் அது தெரியாமலே போகலாம். அவசரத்தில் இச்சிறு விஷயம் மறக்கப்படுவதே பெரிய ஆபத்து.

முறுக்கில்லாத பெரிய ஹெர்னியாவும் எக்ஸ்ரேயில் இதே தோற்றத்தைத் தரும். இந்தக் குழப்பத்தைப் பெரும்பாலும் தீர்ப்பது சி.டி. ஸ்கேன். முறுக்கு எவ்விடத்தில், எத்திசையில் விழுந்துள்ளது என்பதோடு, இரைப்பைச் சுவருக்கு இரத்தம் செல்கிறதா என்பதையும் அது காட்டுகிறது.

முன்னர் பேரியம் கரைசலைக் குடிக்கச் செய்து எக்ஸ்ரே எடுப்பதே பிரதான முறையாக இருந்தது. விட்டுவிட்டு வலி வருவோரிடம் அது இன்றும் பயன்படுகிறது. ஆனால் ஓங்காளிக்கும் நோயாளிக்கு அக்கரைசல் நுரையீரலுக்குள் புகும் அபாயம் உண்டு. தவிர, இடைவிட்டு வரும் முறுக்கு தானே அவிழ்ந்த பின் எடுத்த படம் முறுக்கைக் காட்டாது. அதை வைத்து நோயில்லை என்று முடிவு கட்ட முடியாது.

இரத்தம் ஏற்றப்படாத சுவரையோ, சுவருக்குள் காற்றையோ ஸ்கேன் காட்டினால், இரைப்பை அழுகத் தொடங்கியிருக்கலாம் என்று கருதி அவசர அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யப்படுகிறது.